யாருடைய ‘ஏனுங்க’வில் மண் மணக்கிறது? திருப்பூர் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இரண்டு புகார்கள்

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அங்கே மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுப்பவராக, வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் மீது இரண்டு புகார்கள் வந்தன. முதலாவது, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாங்கும் கம்பெனிகள் சார்பில் ஆர்டரைக் கவனிக்கும், பெங்களூரில் உள்ள பையிங் ஆபீஸிலிருந்து வந்தது: பேச்சு ரொம்ப லோக்கலாக இருக்கிறது. இரண்டாவது, சில மாதங்கள் கழித்து, சாயப்பட்டறைக்காரர்களிடமிருந்து: புள்ளைக்கு ராங்கி எச்சு (திமிர் அதிகம்), மட்டுமரியாதை இல்லை.

ஊழியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் பிழைப்பு. முதலாளி என்னைக் கூப்பிட்டது இரண்டாவது புகாருக்காக. “நல்ல புள்ளைங்க. வேலையும் கெட்டி. யாருகிட்ட எப்படிப் பேசோணும்னு நாலு வார்த்தை சொல்லிக் குடுத்துப்போடுங்க” என்றார். முதல் புகாரை அவர் எடுக்கவே இல்லை, அது எப்போதோ தீர்ந்துபோன விஷயம் என்பது அவர் நினைப்பு. எனக்கு என்னவோ முதல் புகாரைத் தீர்த்த விதத்தில்தான் இரண்டாவது பிறந்தது என்று பட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்த்தேன்.

நிறுவனம் எது, பெண் யார், எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வராது. பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமம், வீட்டில் கூலி நெசவுக்கு ஓடும் விசைத்தறி, கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் காஸ்ட்யூம் டிசைன் படிப்பு, குடும்பத்தில் முதல் பட்டதாரி. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த வேலையில் பேச்சுக்கு என்ன மதிப்பு

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருப்பூரில் ஒரு ஆர்டர் ஒரே கூரைக்குள் முடிவது அபூர்வம். நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகும். துணியாகி சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி. அப்புறம்தான் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பல படிகள் வேறு வேறு ஆட்களிடம் ஜாப் ஒர்க்காக நடக்கும். எழுதிய ஒப்பந்தத்தைவிட வாய்ப்பேச்சும் பழக்கமும்தான் அங்கே ஓடும். யாருடைய லாட்டை முதலில் மெஷினில் ஏற்றுவது என்பதைப் பட்டறைக்காரர் மனது வைத்துத்தான் முடிவு செய்வார்.

அதிலும் சாயம் என்பது குறுகலான வழி. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பின் சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்குள் தாக்குப்பிடித்தவர்கள்தான் தொழிலில் நிற்கிறார்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு கப்பல் தேதியைப் பிடிக்க முடியாது.

மெர்ச்சண்டைசர் இந்தச் சங்கிலியின் நடுவில் உட்கார்ந்திருப்பவர். ஒரு காதில் பையர் தரப்பு: மெயில், வீடியோ கால், ஆங்கிலம் கலந்த தமிழ். மறு காதில் யூனிட்காரர்கள்: ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்தக் காசு போட்டு மெஷின் வாங்கிய, பெரும்பாலும் தோட்டம் காடு உள்ள ஆட்கள். ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும்.

வாயைக் கழுவியது எப்படி

இவர் பேச்சை மாற்றிக்கொண்டது கம்பெனியில் அல்ல, கல்லூரியில். அங்கே வேலைவாய்ப்புப் பயிற்சி என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தாராம். ஆங்கிலத்துக்கான வகுப்புதான். ஆனால் முதல் நாளே “இந்த ஏனுங்க, வாங்கோ எல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுட்டு வாங்க” என்று இழுத்துப் பேசிக் காட்டியிருக்கிறார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள்.

அவர் காட்டிய நடிப்பு எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். தமிழ் சினிமா கொங்குப் பேச்சுக்கு இரண்டே வேடம் கொடுத்தது. ஒன்று சிரிப்பு, மற்றொன்று ஊர்த்தலைவர். கவுண்டமணியும் கோவை சரளாவும் இந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பேச்சில் இருந்த நக்கலும் வேகமும் உண்மையானவை, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பஞ்சாயத்து பண்ணும் பெரியவரும் சிரிக்கவைக்கும் ஆளும் தவிர, கொங்குத் தமிழ் பேசுகிற ஒரு டாக்டரையோ ஒரு டிசைனரையோ திரையில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இருபது வயதுப் பெண்ணுக்கு ஊர்த்தலைவர் வேடம் பொருந்தாது. மிச்சம் இருப்பது சிரிப்பு வேடம் மட்டும்.

அதனால் மூன்று வருடத்தில் அவர் பேச்சு மாறியது. சொற்கள் முதலில் போயின. அப்பாரு, அப்புச்சி இருவருமே ‘தாத்தா’ ஆனார்கள், ஆத்தாவும் அமுச்சியும் ‘பாட்டி’ ஆனார்கள். ஒறம்பரை ‘ரிலேட்டிவ்ஸ்’ ஆனது, நோம்பி ‘ஃபங்ஷன்’ ஆனது. தண்ணி வாத்துக்கொண்டு வந்தவர் குளித்துவிட்டு வந்தார். ‘என்ற’ போய் ‘என்னோட’ வந்தது. ‘போகோணும்’ ‘போகணும்’ ஆனது. இதெல்லாம் சொல் மாற்றம், சுலபம். கடைசியாக, ரொம்பச் சிரமப்பட்டு, வாக்கிய முடிவிலிருந்த ‘ங்க’வை எடுத்தார். அது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தது என்றார். கம்பெனியில் சேர்ந்த புதிதில் பதற்றத்தில் அது திரும்பி வந்து வாயில் உட்கார்ந்ததால்தான் பெங்களூரிலிருந்து அந்த முதல் புகார். தகுதிகாண் கால மதிப்பீட்டில் ஹெச்.ஆர். எழுதினார்: ‘கம்யூனிகேஷன் வீக். லோக்கல் ஸ்லாங் அதிகம்.’ அதற்குப் பின் ‘ங்க’ மறுபடியும் போனது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த ஹெச்.ஆர். அவிநாசிப் பக்கத்துக்காரர். என்னோடு மதியம் கேன்டீனில் பேசியபோது ‘செரிங்க’ இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியவில்லை. பையிங் ஆபீஸில் புகார் சொன்னவரும் கோபிசெட்டிபாளையத்துக்காரர். மாண்ட்ரியாலில் உளவியலாளர் வாலஸ் லேம்பர்ட்டும் கூட்டாளிகளும் செய்து 1960இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பத்தியை வாசிக்கச் செய்து, வாசிப்பது ஒரே ஆள் என்று சொல்லாமல், கேட்பவர்களிடம் குணத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆங்கிலக் குரலுக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதிக மதிப்பெண் போட்டது அதிசயமில்லை. பிரெஞ்சு பேசுகிறவர்களும் தங்கள் மொழிக் குரலைத் தாழ்த்தியே மதிப்பிட்டார்கள். சென்னைக்காரர் யாரும் இந்தப் பெண்ணின் பேச்சைக் குறை சொல்லவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தச் சோதனைதான் ஞாபகம் வந்தது.

ஒரு போன் பேச்சு

இனி இரண்டாவது புகார். எல்லாருடைய சம்மதத்தோடும் சில அழைப்புகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒன்றை மட்டும் இங்கே தருகிறேன். மறுமுனையில் சாயப்பட்டறை உரிமையாளர்.

“அண்ணா, அந்த நேவி லாட் எப்போ வரும்?”

“நாளைக்குச் சாயங்காலமுங்க.”

“இல்ல, காலையில வேணும். கட்டிங் வெயிட்டிங்.”

“டிரையர்ல கெடக்குதுங்க அம்மிணி. பாக்கறனுங்க.”

“ஓகே, காலையில அனுப்பிடுங்க.”

சென்னையிலோ திருச்சியிலோ இதில் யாரும் குறை காண மாட்டார்கள். அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறார். ‘அனுப்பிடுங்க’ என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அப்படியிருந்தும் போனை வைத்த பட்டறைக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம் “வெட்டி வெட்டிப் பேசுது பாரு” என்றாராம். பிறகு என்னிடமும் அதையே சொன்னார்: “நான் அம்மிணின்னும் ங்கன்னும் பேசறேன். அது இல்ல, வேணும், ஓகேன்னு கலெக்டராட்டப் பேசுது.”

எங்கே இடறுகிறது என்றால், கொங்கில் ‘ங்க’ இரண்டு. ஒன்று தமிழ்நாடு முழுக்க உள்ளது: வாங்க, போங்க, அனுப்புங்க. வினையோடு வரும், ஏவலை மரியாதையாக்கும். மற்றொன்று இங்கே மட்டும் இவ்வளவு தாராளமாகப் புழங்குவது. அது வினை, பெயர், நேரம், ஆமாம், இல்லை என்று எதன் மேலும் ஏறும். நாளைக்குங்க, பத்து மணிக்குங்க, இல்லீங்க, நேவிதானுங்க, நான் வந்தனுங்க. ‘நான் வந்தனுங்க’ என்பதில் மரியாதை வந்தவருக்கு இல்லை, கேட்பவருக்கு. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. எதிரில் இருப்பவரை நான் மதிக்கிறேன் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கையெழுத்துப் போடுவது அது.

அந்தப் பெண் முதல் ‘ங்க’வை வைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிட்டார். அவர் காதில் அது ‘ஸ்டாண்டர்டு’ தமிழ். பட்டறைக்காரர் காதில் அவ்வளவும் மொட்டை வாக்கியங்கள். ‘இல்ல’ என்பது மறுப்பாகக் கேட்காமல் முகத்தில் அடிப்பதாகக் கேட்டது. அதே சேதியை “இல்லீங்ணா, காத்தாலைக்கே வேணுமுங்க, கட்டிங் காலியா நிக்குதுங்க, கொஞ்சம் பாத்துத் தாட்டி உடுங்க” என்று சொல்லியிருந்தால் அவசரம் குறைந்திருக்காது. ஆனால் பேச்சு நீண்டிருக்கும், நீளம் இங்கே மரியாதையின் ஒரு பாகம்.

தேனியிலிருந்து வந்த ஒரு தையல் சூப்பர்வைசரும் இதே சிக்கலில் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவருக்கு மரியாதை ‘ண்ணே’யில் இருக்கிறது. முதலாளிக்கு அது காதில் விழுவதே இல்லை. ஆனால் அவரை யாரும் ராங்கி என்று சொல்லவில்லை, ‘அந்தூர்ப் பேச்சு அப்படி’ என்று விட்டுவிட்டார்கள். வெளியூர்க்காரருக்கு மன்னிப்பு உண்டு. இந்தப் பெண்ணின் நடையிலும் நிறத்திலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் பல்லடம் இருந்தது. உள்ளூர்ப் புள்ளை ‘ங்க’வை விட்டால் அது தெரியாமல் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். படித்ததால் வந்த திமிர் என்று அர்த்தம் செய்தார்கள்.

முதலாளி மட்டும் எப்படி

இப்போது முதலாளியின் பேச்சுக்கு வருவோம். நிறுவனத்திலேயே கெட்டியான கொங்குத் தமிழ் அவருடையது. அதே பையிங் ஆபீஸ்காரரிடம் ஒருநாள் போனில்: “ஏனுங்க சார், என்ற ஃபேக்டரிக்கு ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போங்க. அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் ஆக்கச் சொல்றனுங்க.” மறுமுனையில் இருந்தவர் உருகிப்போனார். பெண்ணின் பேச்சு ரொம்ப லோக்கல் என்று புகார் சொன்ன அதே மனிதர், முதலாளியைப் பற்றி என்னிடம் சொன்னது: “சார் அவ்வளவு சிம்பிள். மண்ணு மணம் மாறாத ஆளு.”

ஒரே ‘என்ற’. ஒருவர் வாயில் எளிமை, இன்னொருவர் வாயில் குறை.

இதற்குத் திருப்பூரின் சரித்திரத்தில் ஒரு காரணம் இருக்கிறது. இந்த ஊர் முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள், சிலர் பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று மேலே வந்தவர்கள். 2004இல் திருப்பூர் பின்னலாடைத் தொழில் பற்றிப் புத்தகம் எழுதிய ஷரத் சாரி, கவுண்டர் முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்குச் சொல்லும் ஒரே விளக்கம் ‘உழைப்பு’ என்பதைப் பிடித்துக்கொண்டு அதை அலசினார். முதலாளியின் மொழி அந்த உழைப்புக் கதைக்குச் சாட்சி. காட்டிலிருந்து வந்தேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறேன் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். வெளியே நிற்கும் கார் மிச்சத்தைச் சொல்லிவிடும். பெண்ணும் அதே காட்டிலிருந்துதான் வந்தார். ஆனால் அவருக்குக் கார் இல்லை. அவர் பேச்சு ‘வந்தேன்’ என்று சொல்வதில்லை, ‘இன்னும் அங்கேயே இருக்கிறேன்’ என்று சொல்கிறது.

சொல் தேர்விலும் இதே கணக்கு. கேன்டீனில் கவனித்தேன். முதலாளி “சோறு உண்டுபோட்டீங்களா?” என்று கேட்கிறார். கணக்குப் பிரிவில் இருக்கும் இளைஞர்கள் ‘சாதம்’ என்கிறார்கள், ‘ரைஸ்’ என்கிறார்கள், இரண்டுக்கும் பயந்தவர்கள் ‘லன்ச்’ என்று தப்பிக்கிறார்கள். கீழே தையல் ஹாலில் மறுபடியும் சோறு. மேலேயும் கீழேயும் ஒரே சொல், நடுவில் மட்டும் பதற்றம். இங்கிலாந்தில் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர் 1954இல் இதைப் போலவே ஒன்றை எழுதினார். சாப்பாட்டு மேசையில் வாய் துடைக்கும் துணிக்கு மேட்டுக்குடி ‘நாப்கின்’ என்று சாதாரணமாகச் சொல்லும். மேட்டுக்குடி போலத் தெரிய விரும்பியவர்கள் ‘செர்வியட்’ என்று பிரெஞ்சுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள். நாசூக்கான சொல்லே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. நம்மூரில் காட்டிக்கொடுக்கும் வேலையைச் ‘சாதம்’ செய்கிறது. சோறு என்று சொல்லிவிட்டு மதிப்பு குறையாமல் எழுந்து போக இரண்டு பேரால்தான் முடியும்: இழக்க எதுவும் இல்லாதவர், இழந்தாலும் கவலை இல்லாதவர்.

‘ங்க’ எங்கே நிற்கிறது

கொங்கு என்றாலே மரியாதைத் தமிழ் என்று ஒரு பெருமை உண்டு. எனக்கும் உண்டு. பஸ் கண்டக்டர் ‘ஏறுங்க’ என்பார், காய்கறிக் கடைக்காரர் கடன் கேட்பவரிடமும் ‘இல்லீங்க’ என்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே அசந்துபோவது இதில்தான்.

ஆனால் அந்த அலுவலகத்தில் யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள் என்று பார்த்தால் வேறு படம் தெரிந்தது. முதலாளி, பட்டறைக்காரர், வங்கி அதிகாரி: மூன்று பேருக்குள் சரிசமமாக ஓடுகிறது. ஆபீஸ் பெண்களை முதலாளி ‘கண்ணு’ என்கிறார், ‘சாமி’ என்கிறார், பாசம்தான். ஆனால் ‘நீ’தான். அயர்னிங் மாஸ்டருக்கு ‘வாய்யா’. பீகாரிலிருந்து வந்த ஹெல்பர், நாற்பதைத் தாண்டியவர், ‘டேய் பையா’. கழிப்பறை கழுவும் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், அவரை இருபத்தைந்து வயது ஹெச்.ஆர். உதவியாளர் பேர் சொல்லி ‘வா, போ’ என்றே கூப்பிடுகிறார். அந்த அம்மா அவரைச் ‘சார்’ என்கிறார், ‘சொல்லுங்க சாமி’ என்கிறார். எல்லாரும் எதுவும் நடக்காதது போல அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லை, அது அன்றாடம்.

முன்பின் தெரியாதவருக்கு இங்கே ‘ங்க’ நிச்சயம். அவர் யாரென்று தெரிந்து, கீழே என்று முடிவானதும் அது நின்றுவிடும். மரியாதை குணம் என்பதைவிட அளவுகோல் என்று சொல்லலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் முன்வைத்த மரியாதைப் பேச்சுக் கோட்பாடு உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிக்கிற ஒன்று. அதற்கு ஆதாரமான மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவில் பேசும் ட்செல்டால், பிறகு தமிழ். அந்தத் தமிழ் லெவின்சன் கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கிச் சேகரித்தது. நம்மூர் ‘ங்க’வும் ‘வாடா’வும்தான் அந்தக் கோட்பாட்டுக்குள் போயிருக்கின்றன. 1982இல் மேற்குத் தமிழகத்துச் சாதி அடுக்கையும் பேச்சையும் பற்றி அவர் தனியாகவும் எழுதினார். யார் யாருக்கு ‘நீ’, யார் யாருக்கு ‘நீங்க’ என்பதை வைத்தே அடுக்கைப் படிக்க முடிந்தது. பண்ணையத்து ஆள் தோட்டக்காரரை ‘பண்ணாடி’ என்று கூப்பிட, தோட்டக்காரர் வீட்டுச் சின்னப் பையன் அந்த ஆளை ‘வாடா’ என்று கூப்பிட்ட காலம் என் தலைமுறைக்கே நினைவில் இருக்கிறது. வட்டாரப் பெருமை பேசும் காணொளிகளில் ‘அசல் கொங்குத் தமிழ்’ என்று கொண்டாடப்படுவது பெரும்பாலும் தோட்டமுடைய வீடுகளின் பேச்சு. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் வளவில் (குடியிருப்பில்) பேசுகிற தமிழும் இந்த மண்ணில்தான் பிறந்தது. அதை யாரும் மண் மணம் என்று பகிர்வதில்லை.

பெண் சொன்னது

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பேச்சையே பேசுங்கள், ‘ங்க’வைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முதல் சந்திப்பிலேயே அவர் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்.

“நா ஊர்ப் பேச்சு பேசினா அடுத்த கேள்வி என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?” என்றார்.

தெரியும். ‘எந்த ஊருங்க அம்மிணி?’ ஊரைச் சொன்னால் ‘ஊருக்குள்ளயா, வலசா (ஊரைவிட்டுத் தள்ளியுள்ள சிறு குடியிருப்பா)?’ அதைச் சொன்னால் ‘யாரு தோட்டத்துக்குப் பக்கம்?’ தோட்டமா, பாளையமா, புதூரா, வளவா, காலனியா என்பதில் பதில் கிடைத்துவிடும். கேட்பவர் ஒரு இடத்திலும் சாதி என்ற சொல்லை உச்சரித்திருக்க மாட்டார். அவ்வளவும் ‘ங்க’ போட்டு, நலம் விசாரிக்கிற குரலில் நடக்கும். மொட்டைத் தமிழ் பேசினால் அந்தக் கேள்வி வராது. ‘மெட்ராஸா?’ என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். ராங்கி என்ற பேர் வாங்குவது அதைவிட மலிவு என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அவர் என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. இந்த ஆய்வுக்கு அது வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், சலித்துப்போனவர்களும் இருக்கிறார்கள், பதில் சாதகமாக இருந்தும் அதன் பேரில் சலுகை வாங்கப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர் மூன்றில் எது என்பது அவர் விஷயம்.

ஆக, பேச்சைக் கழுவியதற்கு இரண்டு காரணங்கள் பின்னிக் கிடந்தன. மேலே பார்த்து வெட்கம் ஒன்று, பக்கவாட்டில் பார்த்து எச்சரிக்கை ஒன்று. கல்லூரிப் பயிற்சியாளர் முதலாவதைத் தூண்டினார், இரண்டாவது அவருக்குத் தெரியவே தெரியாது. பெருமையாகப் பேசு என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அவர்களிடம் சங்கடமில்லாத பதில் இருக்கும்.

என்ன செய்தோம்

முதலாளியிடம் நான் கேட்டது மூன்று விஷயம். மதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஸ்லாங்’, ‘உச்சரிப்பு’ என்ற வரிகளை எடுத்துவிட்டு, சேதி தெளிவாகப் போய்ச் சேர்ந்ததா என்ற ஒன்றை மட்டும் வைப்பது. புது மெர்ச்சண்டைசர்களை முதலாளியே யூனிட்களுக்கு நேரில் கூட்டிப்போய் ‘நம்ம கம்பெனி ஆளு, இவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி’ என்று அறிமுகப்படுத்துவது. பிறகு, அலுவலகத்துக்குள் வயதில் மூத்த எவரையும், துப்புரவு வேலை செய்பவர் உட்பட, ‘நீங்க’ என்றே கூப்பிடுவது.

முதலாவதில் பாதி நடந்தது: ‘ஸ்லாங்’ போனது, ‘ப்ரொனன்சியேஷன்’ இருக்கிறது. இரண்டாவதை அவர் சந்தோஷமாகச் செய்தார், நன்றாகவும் செய்தார். மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தார். “நாங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுப் பேசறதில்லீங்க” என்றார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. மனதில் எதுவும் வைக்காமலே நடப்பதுதான் சிக்கல் என்று சொன்னேன். “பாக்கலாமுங்க” என்றார். கொங்கில் ‘பாக்கலாமுங்க’ என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி என்று நான் கொடுத்தது கொஞ்சம்தான். ‘என்ற’, ‘போகோணும்’, ‘ஒறம்பரை’ எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். சொற்கள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், ‘ங்க’ அவ்வளவு காட்டிக்கொடுக்காது. ராஞ்சியிலிருந்து வந்த பையன்கூட ஆறு மாதத்தில் ‘செரிங்ணா’ கற்றுக்கொள்கிறான். அதனால் யூனிட் அழைப்புகளில் ‘இல்ல’வுக்குப் பதில் ‘இல்லீங்ணா’, நேரம் சொல்லும்போது ஒரு ‘ங்க’, கேட்கும் முன் காரணம். இவ்வளவுதான். ஊர் கேட்டால் என்ன சொல்வது என்பதை அவரே கண்டுபிடித்தார். பட்டறைக்காரர் ஒருநாள் “எந்த ஊருங்க அம்மிணி?” என்று கேட்க, “இந்தக் கம்பெனிதானுங்ணா, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இங்கதான கெடக்கறனுங்க” என்றிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. நேவி லாட்கள் அதற்குப் பின் சொன்ன நேரத்துக்கு வரத் தொடங்கின. அறிமுகம் காரணமா, ‘ங்க’ காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அடுத்த மதிப்பீட்டில் அவரைப் பற்றி நல்ல வார்த்தைதான் எழுதியிருந்தார்கள்: ‘யூனிட் ஃபாலோ-அப் எக்ஸலன்ட்.’ அதன் பலனாக யூனிட் வேலை முழுக்க அவரிடம் வந்தது. பையர் அழைப்புகள் கோவையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த, அவருக்குப் பின் சேர்ந்த ஒருவருக்குப் போயின. படிவத்தில் இரண்டும் மெர்ச்சண்டைசர் வேலைதான், சம்பளப் படி வேறு. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ஆள் அனுப்பும்போது முதலாளி அழைத்துப்போனதும் அந்த இன்னொருவரைத்தான். கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களிடம் முதலாளி பேசியது தமிழில், அவர் பேச்சு அப்படியே, ‘ஏனுங்க’ உட்பட. பக்கத்தில் நின்று ஆங்கிலமாக்கியது அந்தக் கோவைப் பெண்.

நம் மெர்ச்சண்டைசர் பெங்களூரில் ஒரு பையிங் ஆபீஸுக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்காணல் போனில் நடக்குமாம். அதற்குப் பயிற்சி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமுங்க, அதெல்லாம் கல்லூரியிலேயே கத்துக் குடுத்துட்டாங்க என்றார்.